நாட்டுக் கோதுமையும் என் முழங்கையும்

இந்த இதழில் இதுவரை நான் எழுதியதெல்லாம் சாமை விதைப்பு, மானாவாரியில் ஊடுபயிர், பேங்க் கடன் வாங்கும்போது எந்தத் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது என்பது மாதிரி விஷயங்கள்தான். இந்த முறை என் தோலைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. கூச்சமாகத்தான் இருக்கு. ஆனால் 2018-ல் நம் இயக்கக் கூட்டம் ஒன்றில் மைக்கைப் பிடித்து நான் சொன்ன ஒரு விஷயம் தவறு. அதைக் கேட்டு யாராவது நடந்திருந்தால் அவர்களுக்குக் கெடுதல் வந்திருக்கும். முப்பத்தைந்து வருஷம் பேங்கில் குப்பை கொட்டியவன், இந்தக் கணக்கைச் சரி செய்யாமல் விட மனசு வரலை.

அன்றைக்கு நான் சொன்னது இது: "கோதுமை ஒத்துக்கலைன்னு சொல்றவங்க எல்லாம் வீரிய ரகக் கோதுமை சாப்பிட்டுக் கெட்டவங்க. ரசாயனம் போடாத நாட்டுக் கோதுமைக்கு மாறுங்க, எல்லாம் சரியாயிடும்." கை தட்டினார்கள். எனக்கும் அப்போது அது உண்மை என்றே பட்டது.

முதலிலிருந்து சொல்கிறேன். 2003-ல் பதவி உயர்வு கொடுத்து என்னை அரியானாவில் கர்னாலுக்குத் தூக்கிப் போட்டார்கள். மகள் பத்தாவது படித்ததால் குடும்பம் சேலத்திலேயே இருந்தது. அங்கே மூன்று வருஷம் மெஸ் சாப்பாடு. காலையில் பராத்தா, மதியம் ரொட்டி, ராத்திரியும் ரொட்டி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சோறு. இரண்டாவது குளிர்காலத்தில் இரண்டு முழங்கையிலும் அரிப்பு ஆரம்பித்தது. அரிப்பு என்று சொன்னால் போதாது. காஞ்சொறி பட்ட மாதிரி முதலில் எரியும். மறுநாள் கடுகு அளவு நீர்க்கொப்புளங்கள் கொத்துக் கொத்தாக வரும். தூக்கத்திலேயே பிறாண்டி உடைத்துவிடுவேன். டாக்டரிடம் போய்க் காட்டும்போது கொப்புளம் இருக்காது. பொருக்கும் கறுத்த தழும்பும்தான் இருக்கும். அதைப் பார்த்து அவர் என்ன சொல்வார்? சிரங்கு என்றார் ஒருவர். சேலத்தில் இருந்த மனைவியும் மகளும்கூட மருந்து பூசிக் குளித்தார்கள். கரப்பான் என்றார் இன்னொருவர். குளிருக்குத் தோல் வறண்டுவிட்டது, வேலை டென்ஷன் என்றும் சொல்லிப் பார்த்தார்கள். களிம்பு போட்டால் ஒரு வாரம் அடங்கும், மறுபடி கிளம்பும்.

சேலத்துக்கு மாற்றலாகி வந்த பிறகு என் அம்மா, "இது அக்கிடா" என்று சொல்லி ஊரில் ஒரு குயவர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவர் செங்காவியைக் குழைத்து முழங்கையில் எழுதிவிட்டார். பேங்க் மேனேஜர் கையில் காவிக் கோலத்தோடு பஸ்ஸில் வந்ததைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் கேலி செய்வார்கள். அம்மா சொன்னதில் ஒரு சங்கதி இருந்தது என்பது பத்து வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. என் நோய்க்கு ஆங்கில மருத்துவத்தில் டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ் என்று பெயர். "அக்கியைப் போலத் தோன்றும் தோல் அழற்சி" என்றுதான் அதற்கு அர்த்தம். அக்கி கிருமியால் வருவது, இது வேறு. ஆனால் 1884-ல் அமெரிக்காவில் லூயிஸ் டூரிங் என்ற தோல் மருத்துவர் இதற்குப் பெயர் வைத்தபோது அவர் கண்ணுக்கும் என் அம்மா கண்ணுக்கும் ஒரே மாதிரிதான் தெரிந்திருக்கிறது.

2009-ல் சர்க்கரை வந்தது. "ராத்திரி சோறு வேண்டாம், சப்பாத்தி சாப்பிடுங்க" என்றார்கள். நம் ஊரில் சர்க்கரை வந்த எல்லாருக்கும் சொல்வதுதான். மூன்று சப்பாத்தி, காலையில் கோதுமை ரவை உப்புமா. அதோடு அரிப்பு முழங்கால், பிட்டம், பின்னந்தலை என்று பரவியது. வாடிக்கையாளர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது பிட்டத்தில் அரிப்பு எடுத்தால் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். ஹீமோகுளோபின் வேறு 9-க்கு மேல் ஏறவே இல்லை. இரும்புச்சத்து மாத்திரை வருஷக்கணக்கில் விழுங்கினேன். வயிறு மட்டும் ஒரு தொந்தரவும் செய்யவில்லை. அதனால் யாருக்கும் குடல் மேல் சந்தேகம் வரவில்லை.

2016-ல் ஓய்வு பெற்றுப் பென்னாகரம் பக்கம் எங்கள் ஊருக்கே வந்துவிட்டேன். நாலு ஏக்கர் மானாவாரி. சாமை, கேழ்வரகு, கொஞ்சம் மா. இங்கே வந்ததும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பார்த்தீனியம் அலர்ஜி என்றார் பக்கத்துக் காட்டுக்காரர். உண்மையிலேயே பார்த்தீனியத்தால் பலருக்குத் தோல் நோய் வருகிறது, அதனால் நானும் ஒரு மாதம் முகமூடி கட்டிப் பிடுங்கிப் பார்த்தேன். நம் நண்பர் ஒருவர், "இத்தனை வருஷம் சாப்பிட்ட ரசாயன விஷம் வெளியே வருது, விட்டுடுங்க" என்றார். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பிடித்த காரணத்தால் ஒரு வருஷம் நம்பினேன். அந்த வருஷமும் சப்பாத்தி நிற்கவில்லை.

2017-ல் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இளம் டாக்டரம்மா ஒருவர் பார்த்தார். என் மகள் வயசுதான் இருக்கும். களிம்பு எழுதித் தரவில்லை. கேள்விதான் கேட்டார். "ரெண்டு முழங்கையிலயும் ஒரே மாதிரி வருதா சார்? அரிப்புக்கு முன்னாடி எரிச்சல் இருக்கா? ரத்தசோகை உண்டா? கோதுமை தினமும் சாப்பிடுவீங்களா?" நாலுக்கும் ஆமாம் என்றேன். பயாப்சி எடுக்க வேண்டும் என்றார். கொப்புளத்தில் ஒரு துணுக்கு எடுத்தார், சரி. அதற்குப் பக்கத்தில் நல்லாயிருந்த தோலிலும் ஒரு துணுக்கு எடுத்தார். நல்ல தோலை ஏன் வெட்டுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. "கொப்புளம் வந்த இடத்துல அழற்சி எல்லாத்தையும் அழிச்சிருக்கும் சார். சாட்சி பக்கத்துலதான் இருக்கும்" என்றார். ஆடிட்டில் மோசடி நடந்த லெட்ஜரை விட்டுவிட்டு அடுத்த லெட்ஜரைப் பார்ப்போமே, அந்த மாதிரி. அந்த நல்ல தோலுக்கு அடியில் ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் புள்ளி புள்ளியாகப் படிந்திருந்தது. இந்த நோயை உறுதி செய்வது அதுதான். ரத்தத்தில் டிடிஜி என்ற எதிர்ப்பொருள் அதிகம். எண்டோஸ்கோப்பி வைத்துச் சிறுகுடலிலும் பார்த்தார்கள். குடலும் கெட்டிருந்தது. பன்னிரண்டு வருஷம் தோல் டாக்டர்களிடம் அலைந்தவனுக்கு இருந்தது சீலியாக் நோய். அது என் விஷயத்தில் தோல் வழியாகத் தலை நீட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இது எப்படி நடக்கிறது என்று எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கோதுமை மாவைப் பிசைந்து உருட்டி, தண்ணீருக்கு அடியில் பிடித்துக் கசக்கிக்கொண்டே இருந்தால் வெள்ளையாக மாவுச்சத்து எல்லாம் கரைந்து போய்விடும். கையில் ரப்பர் மாதிரி ஒரு பிசின் நிற்கும். அதுதான் குளூட்டன், கோதுமையின் புரதம். பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது கிழியாமல் நீள்கிறதே, அது இதனால்தான். பார்லியிலும், மேல்நாட்டில் விளையும் ரை தானியத்திலும் இதன் பங்காளிப் புரதங்கள் உண்டு. இந்தப் புரதத்தை நம் வயிற்றில் உள்ள நொதிகளால் முழுசாக வெட்ட முடியாது. யாராலும் முடியாது. வெட்டுப்படாத துண்டுகள் சிறுகுடலுக்குப் போகும். பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஒரு குறிப்பிட்ட மரபணு அமைப்பு உள்ளவர்களில் சிலருக்கு மட்டும் உடம்பின் காவல்படை அந்தத் துண்டுகளை எதிரி என்று நினைத்துச் சண்டைக்குக் கிளம்பும். கிளம்பினால் எதிரியோடு நிற்காமல் சொந்தக் குடலையும் தாக்கும்.

சிறுகுடலின் உட்சுவரில் மெல்லிய விரல் மாதிரி லட்சக்கணக்கான குடலுறிஞ்சிகள் இருக்கின்றன. பயிருக்கு வேர்த்தூவி மாதிரி. இந்தச் சண்டையில் அவை மழுங்கித் தட்டையாகிவிடும். வேர்த்தூவி கருகின செடிக்கு எவ்வளவு தொழுவுரம் போட்டு என்ன பிரயோஜனம்? நான் வருஷக்கணக்கில் விழுங்கிய இரும்பு மாத்திரைகள் அப்படித்தான் போயின. சுண்ணாம்புச்சத்தும் சேராமல் எலும்பு தேயும். வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் அபூர்வமாகச் சிலருக்குக் குடலில் நிணநீர்ப் புற்றும் வருகிறது. இதற்கிடையில் குடலில் கிளம்பும் ஐஜிஏ எதிர்ப்பொருளில் ஒரு வகை, தோலில் இருக்கும் ஒரு நொதியோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே படிந்துவிடுகிறது. படிந்த இடத்தில் கொப்புளம். என்னை மாதிரித் தோலில் வருகிறவர்களில் பலருக்கு வயிற்றுப் பிரச்சினையே தெரியாது. சோதித்தால் குடல் கெட்டிருக்கும்.

சிகிச்சை இரண்டு. ஒன்று டாப்சோன் என்ற மாத்திரை. தொழுநோய்க்குக் கொடுக்கிற அதே மாத்திரை. மருந்துக் கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு என் கையைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். ஊரில் பேச்சும் கிளம்பியது. இந்த மாத்திரை ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அதனால் ஜி-6-பி-டி என்ற ரத்தப் பரிசோதனை செய்து பார்க்காமல் கொடுக்க மாட்டார்கள், கொடுத்த பிறகும் அடிக்கடி ரத்தம் பார்ப்பார்கள். எனக்கு ஏற்கெனவே ரத்தம் குறைவு என்பதால் சின்ன அளவில் தொடங்கினார். மூன்றாம் நாள் ராத்திரி அரிக்காமல் தூங்கினேன். மனைவிதான் பயந்துபோய் இரண்டு தடவை எழுப்பிப் பார்த்தாளாம்.

ஆனால் டாப்சோன் தோலைத்தான் அடக்கும். குடலை ஆற்றாது. அதற்கு ஒரே வைத்தியம், ஆயுளுக்கும் கோதுமை, பார்லி, ரை மூன்றையும் விட்டுவிடுவது. தோலில் படிந்த எதிர்ப்பொருள் லேசில் கரையாது. உணவை மாற்றி மாதக்கணக்கில், சிலருக்கு இரண்டு வருஷம்கூடக் காத்திருக்க வேண்டும். எனக்கு ஒன்றரை வருஷத்தில், 2019 தொடக்கத்தில், மாத்திரையை நிறுத்த முடிந்தது. ஹீமோகுளோபின் அதற்குள் 12-ஐத் தொட்டது.

சப்பாத்தியை விடுவது சுலபம். ஒளிந்திருக்கிற கோதுமையைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. ரவை, சேமியா, மைதா, பிஸ்கட், பிரெட் எல்லாருக்கும் தெரிந்தவை. பெருங்காயம் தெரியுமா? கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோதான் சேர்மானம். டப்பாவைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். அப்படியானால் ஓட்டல் சாம்பார், ரசம், ஊறுகாய், கல்யாண வீட்டு மோர் எல்லாவற்றிலும் அது உண்டு. நாங்கள் இப்போது பால் பெருங்காயம் வாங்கிக் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றுகிறோம். சத்துமாவில் வறுத்த கோதுமை உண்டு. மால்ட் கலந்த பானங்களில் பார்லி உண்டு. சோயா சாஸில் கோதுமை உண்டு. ஓட்ஸில் இந்த வகைக் குளூட்டன் இல்லாவிட்டாலும், கோதுமையோடு கலந்து வருவதால் கடை ஓட்ஸ் ஆகாது. போண்டா பொரித்த எண்ணெயில் வடை போட்டால் அதுவும் கூடாது. சொந்தக்காரர் வீடுகளில் இதை விளக்குவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும். "ஒரு வாய் கேசரி சாப்பிட்டா என்ன ஆயிடப் போகுது மாமா?" என்பார்கள். அந்த ஒரு வாய்க்கு மூன்று வாரம் சொறிய வேண்டியவன் நான்தானே. இப்போது எங்கே போனாலும் தூக்குப்போசியில் என் சாப்பாடு கூடவே வரும்.

ஒரு நல்ல விஷயம், நாம் பயிரிடுகிற கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஒன்றிலும் இந்தக் குளூட்டன் கிடையாது. அரிசியிலும் கிடையாது. பஞ்சாபிலோ ஐரோப்பாவிலோ இந்த நோய் வந்தவன் படும் பாட்டில் பாதிகூட நமக்கு இல்லை. (சிறுதானியம்தானே என்று களியைக் குண்டான் கணக்கில் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும். அதுவும் எனக்குப் பட்டறிவு.)

இப்போது அந்த மேடைப் பேச்சுக்கு வருகிறேன். 2018-ல் மாத்திரையும் பத்தியமும் சேர்ந்து என் தோல் சுத்தமாக இருந்தது. குளூட்டன் பற்றி டாக்டர் சொன்னது காதில் ஏறியது, மனசில் முழுசாக ஏறவில்லை. நம் தாத்தா காலத்துக் கோதுமையில் இதெல்லாம் இருந்திருக்காது, பசுமைப் புரட்சி கொண்டுவந்த குள்ளக் கோதுமைதான் குற்றவாளி என்று நானாக ஒரு தீர்ப்பு எழுதிவிட்டேன். அதைத்தான் மைக்கில் சொன்னேன். மாத்திரையும் நின்ற பிறகு, 2019 கடைசியில், நம் இயக்க நண்பர் ஒருவர் பத்து கிலோ சம்பா கோதுமை கொண்டுவந்து கொடுத்தார். உரம் இல்லை, மருந்து இல்லை, சுத்தமான இயற்கை விளைச்சல். அன்போடு கொடுத்தது. கஞ்சி வைத்துக் குடித்தேன். பத்து நாள் ஒன்றும் ஆகவில்லை. "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று மனைவியிடம் பெருமை பேசினேன். பதிமூன்றாம் நாள் முழங்கை எரிந்தது. மூன்று வாரத்தில் பின்னந்தலை வரைக்கும் கொப்புளம். மறுபடி ஐந்து மாதம் டாப்சோன்.

டாக்டரம்மா திட்டவில்லை. "அது நாட்டு விதையா ஒட்டு விதையான்னு உங்க குடலுக்குத் தெரியாது சார். கோதுமைன்னா கோதுமைதான்" என்றார். சம்பா கோதுமை, கப்ளி, எம்மர், மேல்நாட்டு ஸ்பெல்ட் என்று எந்தப் பெயரில் வந்தாலும் அதில் குளூட்டன் உண்டு. தொழுவுரம் போட்டாலும் ஜீவாமிர்தம் விட்டாலும் அது போகாது. தானியம் முளைத்து வளர வைத்துக்கொண்ட சொந்தச் சேமிப்பு அது, நாம் தெளித்த விஷம் இல்லை.

அதற்குப் பிறகுதான் இந்த நோயின் சரித்திரத்தை ஒழுங்காகப் படித்தேன். முதலிலேயே படித்திருந்தால் மேடையில் உளறியிருக்க மாட்டேன். சீலியாக் என்ற பெயரே கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஏறத்தாழ 1,800 வருஷத்துக்கு முன்னால் கப்படோசியா நாட்டு மருத்துவர் அரேட்டியஸ் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். 1888-ல் லண்டனில் சாமுவேல் ஜீ என்பவர் குழந்தைகளுக்கு வரும் இந்த நோயை விவரித்து, இது குணமாவதென்றால் உணவு வழியாகத்தான் ஆகும் என்றார். எந்த உணவு என்பது அவருக்குப் பிடிபடவில்லை. நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்குக் கோதுமை மேல் சந்தேகம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45 குளிர்காலத்தில், அந்த நாட்டில் ரொட்டிக்கே பஞ்சம். ஊரெல்லாம் பட்டினி கிடந்தபோது சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்துவிட்டார்கள். அவர் தொடர்ந்து சோதித்து 1950-ல் முனைவர் பட்ட ஆய்வாகவே அதை வெளியிட்டார். டூரிங் பெயர் வைத்த என் தோல் நோயும் இதே குடல் நோயோடு சேர்ந்தது என்று தெரிவதற்கு 1960களின் பின்பாதி ஆகிவிட்டது.

குள்ளக் கோதுமை நம் நாட்டுக்கு வந்ததே 1960களில். டிக்கேயின் குழந்தைகள் சாப்பிட்டது அது இல்லை, ஜீயின் குழந்தைகள் சாப்பிட்டதும் இல்லை. பசுமைப் புரட்சி மேல் எனக்கு உள்ள குற்றப்பட்டியல் நீளமானது. மண்ணும் நிலத்தடி நீரும் கடனும் அதில் உண்டு. என் முழங்கையை அதில் சேர்க்க வழியில்லை.

இன்னொரு தகவலும் நம்மவர்கள் யோசிக்க வேண்டியது. நம் நாட்டில் 23,000 பேருக்கு மேல் பெரியவர்களைச் சோதித்து 2016-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. வடக்கில் நூற்றுக்கு ஒருவர் கணக்கில் சீலியாக் இருந்தது. தெற்கில் பத்தாயிரத்துக்கு ஒருவர். இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு அமைப்பு மட்டும் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, மூன்றில் ஒருவருக்கு. வித்தியாசம் தட்டில் இருந்தது. வடக்கே சராசரியாக ஒருவர் ஒரு நாளைக்கு 455 கிராம் கோதுமை, தெற்கே 25 கிராம். இதை வைத்து எல்லாரும் கோதுமையை விடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மரபணு இருப்பவர்களிலேயே மிகச் சிலருக்குத்தான் நோய் வருகிறது, மற்றவர்கள் தாராளமாகச் சப்பாத்தி சாப்பிடலாம். ஆனால் ராத்திரி பரோட்டா, சர்க்கரைக்குச் சப்பாத்தி, குழந்தைக்கு பிஸ்கட் என்று நம் தட்டும் வடக்கத்தித் தட்டாக மாறிக்கொண்டு வருகிறது. நம் ஊர் டாக்டர்களுக்கும் இந்த நோயைப் பார்த்துப் பழக்கம் குறைவு. என்னை மாதிரிப் பன்னிரண்டு வருஷம் அலைகிறவர்கள் இன்னும் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

அப்படி யாருக்காவது இரண்டு முழங்கை, முழங்கால், பிட்டம், பின்னந்தலையில் ஒரே மாதிரி எரிச்சலும் சின்னக் கொப்புளமும் வந்து போய்க்கொண்டிருந்தாலோ, காரணம் தெரியாத ரத்தசோகை மாத்திரைக்கு அடங்காமல் இருந்தாலோ, சாப்பிடுகிற குழந்தை வளராமல் வயிறு உப்பி அடிக்கடி வயிற்றுப்போக்கோடு இருந்தாலோ டாக்டரிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இந்தக் கட்டுரையைப் படித்த கையோடு கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போகாதீர்கள். நிறுத்தினால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இறங்கிவிடும், குடலும் ஆறத் தொடங்கும், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரும். முதலில் பரிசோதனை, பிறகுதான் பத்தியம். ஒருவருக்கு இருந்தால் பெற்றோர், பிள்ளைகள், கூடப் பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும். என் மகளுக்கு இல்லை. என் தம்பிக்கு இருந்தது. அவனுக்குத் தோலில் ஒன்றும் இல்லை, எலும்புதான் தேய்ந்திருந்தது.

மேடைப் பேச்சைவிட என்னை உறுத்துவது அடுத்து நடந்தது. 2020 முதல் எங்கள் ஊர் உழவர்கள் ஆறு பேர் சேர்ந்து கேழ்வரகு மாவும் தினை மாவும் பொட்டலம் போட்டு விற்கிறோம். பொட்டலத்தில் "குளூட்டன் இல்லாதது" என்று அச்சடிக்க யோசனை சொன்னது நான்தான். சிறுதானியத்தில் இல்லாதது இல்லாததுதானே என்று நினைத்தேன். 2021-ல் ஓசூரிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். ஏழு வயசுப் பையனுக்குச் சீலியாக். ஒரு வருஷமாக வீட்டில் கோதுமையே இல்லை, தினமும் எங்கள் மாவில் அடையும் புட்டும்தான். ஆனாலும் ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் இறங்கவில்லை, பையன் எடை ஏறவில்லை. சண்டை போடவில்லை அவர். "சார், தப்பா நினைக்காதீங்க, மாவை எங்க அரைக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஊர் மில்லில்தான் அரைக்கிறோம். அங்கே இரண்டு மிஷின். ஒன்று மிளகாய், மல்லிக்கு. இன்னொன்றில் அரிசி, கேழ்வரகு, ரேஷன் கோதுமை எல்லாம். மில்காரரிடம் போய் நின்றேன். "தட்டிட்டுத்தான் சார் போடுறேன்" என்றார். உண்மைதான், மாவு விழுகிற துணிப்பையைத் தட்டுவார். அன்றைக்கு எனக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துக்கொண்டு போயிருந்தார். தட்டி முடித்த பையை நான் திருப்பி உதறினேன். ஒரு கைப்பிடி மாவு கொட்டியது.

நம் நாட்டு விதிப்படி ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் "குளூட்டன் இல்லாதது" என்று எழுதக் கூடாது. கோதுமை மாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்று வைத்துக்கொண்டால், கிலோவுக்கு 200 மில்லிகிராம் கோதுமை மாவு கலந்தாலே வரம்பு தாண்டிவிடும். அது ஒரு சிட்டிகை. பத்து கிலோ அரைத்தால் இரண்டு கிராம், ஒரு ஸ்பூன்கூட இல்லை. பையில் இருந்ததோ ஒரு கைப்பிடி. வருஷக்கணக்கில் வட்டியைப் பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டவனுக்கு இந்தக் கணக்கு தோன்றவில்லை. அந்த மாவைத்தான் நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இவ்வளவு பத்தியம் இருந்தும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முழங்கையில் நாலு கொப்புளம் ஏன் தலை காட்டியது என்பதும் அன்றைக்குத்தான் விளங்கியது. அந்தப் பையன் வாய் திறந்து சொல்லாததை என் கை சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை.

அந்த அம்மாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கையில் இருந்த பொட்டலங்களைக் கடைகளிலிருந்து திரும்ப வாங்கினோம். ஆறு பேரும் பணம் போட்டு, இரண்டு ஹெச்.பி. மோட்டார் வைத்த சின்ன மிஷின் ஒன்று வாங்கி என் வீட்டுத் தாழ்வாரத்தில் போட்டோம். அதில் சிறுதானியமும் அரிசியும் தவிர வேறு எதுவும் விழாது. பழைய சாக்கு பிடிப்பதில்லை, கோதுமை வந்த சாக்காக இருக்கலாம் என்பதால் புதுசுதான் வாங்குகிறோம். மிஷின் பக்கத்தில் யாரும் பிஸ்கட் தின்னக் கூடாது என்று நான் சொன்னதற்கு முதலில் சிரித்தார்கள். பழைய மாவையும் புது மாவையும் பரிசோதனைக்கு அனுப்பினோம். பழையது வரம்பைத் தாண்டியிருந்தது. புதியதில் அளக்கும் அளவுக்கு இல்லை.

அச்சடித்து மிச்சமிருந்த பழைய பைகளை எரித்துவிட்டோம். புதுப் பையில் "கோதுமை அரைக்காத இயந்திரத்தில் அரைத்தது" என்று மட்டும் போடுகிறோம். ஒவ்வொரு அரைப்பையும் பரிசோதிக்க எங்களிடம் பணம் கிடையாது, பரிசோதிக்காமல் அந்தப் பழைய வார்த்தையைப் போட எனக்குத் தைரியம் இல்லை. நம் இயக்கக் கடைகளில் அந்த வார்த்தையோடு மாவு விற்கும் நண்பர்கள் அடுத்த முறை மில்லுக்குப் போகும்போது துணிப்பையை ஒரு தடவை திருப்பி உதறிப் பாருங்கள்.

ஓசூர் அம்மா இப்போதும் எங்களிடம்தான் வாங்குகிறார். மாவு வாங்குவதில்லை. முழுக் கேழ்வரகாக வாங்கிப்போய், கல் பொறுக்கி, கழுவிக் காயவைத்து வீட்டில் தானே அரைத்துக்கொள்கிறார். மாதம் எட்டு கிலோ. பையன் இந்த வருஷம் ஒரு சைஸ் பெரிய சட்டை போடுகிறானாம்.